பட்டன் போனுக்குள் இருக்கும் வானொலி

பட்டன் போன் வாங்க வருகிறவர் கடைக்காரரிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்வி. "டவர் நல்லா எடுக்குமா?" "சார்ஜ் எத்தனை நாள் நிக்கும்?" பென்னாகரத்தில் அப்படிக் கேட்பவர் ஆடு மேய்ப்பவராக இருக்கலாம், ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவராக இருக்கலாம், ஓசூருக்கோ பெங்களூருக்கோ கட்டட வேலைக்கு மகனை அனுப்பிவிட்டு ஏரியூர்ப் பக்கம் தனியாக இருக்கும் தாயாக இருக்கலாம். வானொலிப் பொறியாளர் ஒருவரிடம் அதே போனைக் கொடுத்தால் அவரும் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதோ கேமராவும் திரை அளவும் விளையாட்டுகளும். கேட்ட கேள்விக்குப் பெட்டியில் பதில் இல்லை. இந்த அத்தியாயத்தில் அந்தப் பதிலைத் தேடுவோம்.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். தருமபுரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் பென்னாகரம், மேட்டு நிலம். அங்கிருந்து ஒகேனக்கல் சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கிக் காவிரியைத் தொடுகிறது. ஆற்றுக்கு அக்கரை கர்நாடகம். பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலை போன்ற ஊர்களுக்குச் சரியான சாலை இல்லாததால், தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகள் மேல் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். இப்படிக் குன்றும் பள்ளமும் காடுமாகக் கிடக்கும் நாட்டில் ஒரே போன் ஓர் ஊரில் நன்றாகப் பேசும், அடுத்த ஊரில் ஊமையாகும். போனைக் குறை சொல்லி மாற்றுகிறவர்கள் பலர். குறை பல நேரம் போனுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது.

டவர் எடுப்பது என்றால் என்ன? பட்டன் போன் என்பது அடிப்படையில் ஒரு வானொலி. கேட்கவும் தெரிந்த, திருப்பிப் பேசவும் தெரிந்த வானொலி. அது எந்த அலைவரிசையில் பேசுகிறது என்பதுதான் மலைநாட்டில் முதல் செய்தி. நம் நாட்டில் 2ஜி சேவை 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஓடுகிறது. ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில். பிஎஸ்என்எல் தன் புதிய 4ஜிக்கு 700, 2100 மெகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 13 சென்டிமீட்டர்தான்.

இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல. அலைவரிசை இரு மடங்கானால், தடையில்லாத வெட்டவெளியில்கூட, போனுக்குள் இருக்கும் சிறிய ஆண்டெனா பிடிக்கும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. 850-ஐயும் 2300-ஐயும் ஒப்பிட்டால் வேறுபாடு ஏழு மடங்கு. நடுவே ஒரு குன்று வந்தால் இன்னும் மோசம். நீள அலை குன்றின் விளிம்பில் சற்று வளைந்து மறுபக்கப் பள்ளத்துக்குள் இறங்கும். குறுகிய அலை அவ்வளவு வளையாது. குன்றுக்குப் பின்னால் அடர்ந்த நிழல் விழும். இலைகளில் இருக்கும் நீரும் உயர்ந்த அலைவரிசையை அதிகமாக விழுங்குகிறது. மழை பெய்து காடு தழைத்த மாதங்களில் சில இடங்களில் டவர் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே மலையோரத்தில் இருப்பவருக்கு 700, 850, 900 என்ற கீழ் அலைவரிசைகளைப் பிடிக்கும் போன்தான் வேண்டும். நகரத்தில் கோபுரங்கள் நெருங்கி நிற்பதால் அங்கே இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

இதற்கு அடுத்தது 2ஜியா 4ஜியா என்ற கேள்வி. 900 மெகாஹெர்ட்ஸில் பேசும் 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் ஆற்றலோடு கத்த முடியும். 4ஜி போனுக்கு அனுமதி 0.2 வாட்தான். ஆனால் 2ஜி போன் அந்த 2 வாட்டைத் தொடர்ந்து செலுத்துவதில்லை. ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் நேரத்தால் பங்கிட்டுக்கொள்வதால், ஒவ்வொரு போனும் எட்டில் ஒரு பங்கு நேரம்தான் வாய் திறக்கிறது. ஒரு வெடிப்புக்கு 0.577 மில்லி விநாடி, நொடிக்கு 217 தடவை. அழைப்பு வருவதற்குச் சற்று முன் பக்கத்தில் இருக்கும் ரேடியோவில் கேட்கும் 'டிட் டிட் டிட்' ஓசை இந்த வெடிப்புகளின் தடம்தான். 4ஜி, குறைந்த ஆற்றலைப் பிழை திருத்தும் குறியீடுகளால் ஈடுகட்டுகிறது. இருந்தாலும் பக்கத்தில் 2300 மெகாஹெர்ட்ஸ் 4ஜியும் தூரத்தில் 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜியும் இருந்தால், குன்றுக்குப் பின்னால் பழைய 2ஜி போனே பேசும் இடங்கள் உண்டு. "பழைய போனு எடுக்குது, புதுசு எடுக்கல" என்று ஊரில் சொல்வதை யாரும் தட்டிவிடக் கூடாது. அதில் இயற்பியல் இருக்கிறது.

அப்படியானால் 2ஜி போனே வாங்கிவிடலாமா? இங்கேதான் ஒப்பீடு கடினமாகிறது. 2023 மே முதல் ஜூலைக்குள் இந்தியாவில் மூன்று பட்டன் போன்கள் வந்தன. நோக்கியா 105-இன் புதிய வடிவம்: 2ஜி, 1000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, விலை 1,299 ரூபாய். நோக்கியா 106 4ஜி: 1450 மில்லி ஆம்பியர்-மணி, 2,199 ரூபாய். ஜியோபாரத்: 4ஜி, 1000 மில்லி ஆம்பியர்-மணி, 999 ரூபாய். விலையை மட்டும் பார்த்தால் ஜியோபாரத் வென்றது. ஆனால் அதில் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்யும். நோக்கியா 105-இல் ஜியோ சிம் வேலையே செய்யாது. 2016 செப்டம்பர் 5-இல் சேவையைத் தொடங்கிய நாளிலிருந்து ஜியோவுக்கு 4ஜிதான், 2ஜி கிடையாது. 105-ஐவிட 900 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 106 வாங்கியவருக்குத்தான் எந்த நிறுவனத்துக்கும் மாறும் சுதந்திரம் கிடைத்தது.

அந்தச் சுதந்திரத்தின் மதிப்பு தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நம் கிராமங்களில் வீட்டுக்கு வீடு ஏர்செல். 2018 பிப்ரவரியில் அது விழுந்தபோது எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள மக்கள் கடை கடையாக அலைந்தார்கள். அன்று அவர்கள் கையில் இருந்த போன்கள் வேறு நிறுவனங்களின் சிம்மையும் ஏற்றுக்கொண்டதால் போன் பிழைத்தது. ஒரே நிறுவனத்துக்குப் பூட்டிய போனாக இருந்திருந்தால் எண்ணோடு போனும் போயிருக்கும். மலையோரத்தில் பூட்டு இன்னும் பெரிய குறை: உங்கள் ஊர்ப் பள்ளத்துக்குள் எந்த நிறுவனத்தின் அலை இறங்குகிறதோ அந்த நிறுவனத்துக்கு மாற முடிய வேண்டும்.

2ஜியின் ஆயுளையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜி நிறுத்தப்பட்டது. அங்கே வேலைக்குப் போன நம்மவர்கள் கையில் இருந்த பழைய போன்கள் அத்தோடு வெறும் பொம்மையாயின. இந்தியாவில் ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா), பிஎஸ்என்எல் 2ஜி ஓடிக்கொண்டிருக்கிறது. என் தீர்ப்பு: புதிதாக வாங்குபவர் 4ஜியும் 2ஜியும் இரண்டும் பிடிக்கும், பூட்டில்லாத போனை வாங்க வேண்டும். பிஎஸ்என்எல் வைத்திருப்பவர் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். 700 மெகாஹெர்ட்ஸ் என்பது 'பேண்ட் 28'. எல்லாப் பட்டன் போனிலும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லையென்றால் கோபுரம் எதிரே நின்றும் அந்த அலை உங்கள் போனுக்குக் கேட்காது. பேண்ட் பட்டியல் கையேட்டிலோ நிறுவனத்தின் வலைத்தளத்திலோ இருக்கும். இணையம் தெரிந்த பிள்ளையிடம் தேடித் தரச் சொல்லுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி, சார்ஜ். 1000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி 10 நாள், அதாவது 240 மணி நேரம் நின்றால், போன் சராசரியாக 4 மில்லி ஆம்பியர்தான் குடிக்கிறது என்று பொருள். ஒரு சிறிய எல்இடி விளக்கு எரியக்கூட 20 மில்லி ஆம்பியர் வேண்டும். இவ்வளவு சிக்கனம் எப்படி? சும்மா இருக்கும் போன் பெரும்பாலும் உறங்குகிறது. கோபுரம் 'உனக்கு அழைப்பு' என்று கூப்பிடும் நேரம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரத்துக்கு மட்டும் கண் விழித்து, காது கொடுத்து, அழைப்பு இல்லையென்றால் மறுபடி உறங்கிவிடும். சின்னத் திரை, சில மெகாபைட் நினைவகம், பின்னணியில் ஓயாமல் ஓடும் செயலிகள் இல்லை. டச் போனில் 5000 மில்லி ஆம்பியர்-மணி இருந்தும் பலருக்கு ஒன்றரை நாள் நிற்பதில்லை. பட்டன் போனில் ஐந்தில் ஒரு பங்கு பேட்டரி ஒரு வாரத்தைத் தாண்டுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு நல்ல டவர் உள்ள இடத்துக்குத்தான். 2ஜி போன் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தன் குரலை 2 வாட்டிலிருந்து சில மில்லி வாட் வரை தாழ்த்திக்கொள்ளும். தூரத்தில் இருந்தால் முழு மூச்சில் கத்தும். டவரே இல்லையென்றால் உறக்கம் கலைந்து, பேண்ட் பேண்டாகத் தேடிக்கொண்டே இருக்கும். பென்னாகரம் கடைத்தெருவில் எட்டு நாள் நின்ற போன் காட்டோரக் கிராமத்தில் நாலே நாளில் இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். இரண்டு சிம் போட்டிருந்தால் தேடுவதும் இரண்டு. டவர் எடுக்காத சிம்மை அமைப்புக்குள் போய் அணைத்து வைத்தால் சார்ஜ் நிற்கும், செலவில்லாத வழி.

"சும்மா இருந்தா நல்லா இருக்கு, கால் வந்தா ஆஃப் ஆயிடுது" என்ற புகாரைக் கேட்காத செல் கடை இருக்காது. இதற்கும் விளக்கம் உண்டு. 2 வாட் வெடிப்பின்போது பேட்டரியிலிருந்து ஒன்றரை, இரண்டு ஆம்பியர் வரை மின்னோட்டம் பாய வேண்டியிருக்கும். புதிய பேட்டரி அதைத் தாங்கும். பழைய பேட்டரியின் உள்மின்தடை ஏறியிருக்கும். நம் மாவட்டத்து உப்புத் தண்ணீரில் உள்ளே படிந்து குறுகிப்போன போர்வெல் குழாயில் துளித்துளியாக எடுத்தால் குடம் நிறையும், மோட்டாரை முழு வேகத்தில் போட்டால் தண்ணீர் திணறும், அல்லவா? அதேதான். உள்மின்தடை 0.4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 2 ஆம்பியர் பாய்ந்தால் 0.8 வோல்ட் உள்ளேயே இழந்துபோகும். 3.8 வோல்ட் காட்டிய பேட்டரி அந்தக் கணத்தில் 3 வோல்ட்டுக்கு இறங்கும். போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். டவர் மோசமான இடத்தில்தான் இது அதிகம் நடக்கும் என்பதை இப்போது நீங்களே ஊகிக்கலாம். போன் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். பேட்டரி மாற்றினால் போதும்.

அதற்குப் பேட்டரியைக் கழற்ற முடிய வேண்டும். நோக்கியா 1100, 2003-இல் வந்தது. டார்ச், தூசி புகாத பட்டன், கழற்றக்கூடிய பிஎல்-5சி பேட்டரி. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது; இந்தியா போன்ற நாடுகளின் கிராமங்களை மனத்தில் வைத்துச் செய்த போன். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 நவம்பர் வரை இயங்கியது. தமிழ்நாட்டுப் பெண்களின் கைகள் பொருத்திய போன்கள் உலகமெங்கும் போயின. அந்த ஆலை மூடிய பிறகும் பிஎல்-5சி சாகவில்லை. சிறிய எஃப்எம் ரேடியோக்களிலும் ஸ்பீக்கர்களிலும் அதுவே இருக்கிறது. ஆனால் 2007-இல் நோக்கியா நிறுவனமே ஒரு குறிப்பிட்ட தயாரிப்பாளரின் 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள் சூடேறக்கூடும் என்று எச்சரித்து மாற்றித் தர முன்வந்ததையும் மறக்கக் கூடாது. நல்ல ஆலையில் செய்ததற்கே அந்தக் கதி என்றால், சாலையோரத்துப் பெயரில்லாப் பேட்டரியை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும்! உப்பிய பேட்டரியை ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள். தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்.

குரலுக்கு வருவோம். 2ஜி போனில் குரலின் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மட்டுமே போகிறது. 4ஜியின் வோல்ட்இ அழைப்பில் இரு பக்கமும் வசதி இருந்தால் 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை போகும்; இதைத்தான் 'எச்டி வாய்ஸ்' என்கிறார்கள். தமிழுக்கு இதில் ஒரு நல்ல செய்தி. ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் ஒலியதிர்வுகள் பெரும்பாலும் 3400-க்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பழைய போனிலும் அவை பிழைத்துக்கொள்ளும். ஸ போன்ற உரசொலிகளின் வலு பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது; அவைதான் 2ஜியில் மங்கிப்போகும். வயதானவர்களுக்கு உயர்ந்த ஒலிகள்தான் முதலில் கேளாமல் போகின்றன. எனவே எழுபது வயது அம்மாவுக்கு வாங்கும்போது 'எச்டி வாய்ஸ்' என்ற சொல்லைவிட, சத்தம் எவ்வளவு எழுகிறது என்பதைக் கடையிலேயே காதில் வைத்துப் பாருங்கள்.

எழுத்தில் நமக்கு நடப்பது அநியாயம் என்றே சொல்வேன். ஒரு எஸ்எம்எஸ்-இல் 140 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து கொள்ளும். தமிழ் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட் எடுப்பதால் 70 குறியீடுகள்தான். அதிலும் கொம்பும் புள்ளியும் காலும் தனித்தனிக் குறியீடுகள். 'பென்னாகரம்' என்பதில் நாம் எண்ணும் எழுத்து ஆறு. போன் எண்ணும் குறியீடு பத்து. ஊர்ப்பெயரை ஏழு தடவை எழுதினால் ஒரு செய்தி தீர்ந்தது. தமிழையும் 7 பிட்டிலேயே அடைத்து 155 குறியீடு அனுப்பும் அட்டவணை உலக செல்பேசித் தரத்திலேயே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. போன்களும் நிறுவனங்களும் அதைக் கையாண்டிருந்தால் நம் கிராமத்து மனிதர் இரட்டைச் செலவு செய்திருக்க வேண்டியதில்லை. படிக்கவாவது முடிய வேண்டும் என்பதற்காக, விற்கும் போன்களில் இந்திய மொழிகள் தெரிய வேண்டும் என்று இந்தியத் தரம் ஐஎஸ் 16333 சொல்கிறது. வாங்கும்போது தமிழில் ஒரு செய்தி அனுப்பச் சொல்லிச் சோதியுங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தப் போன் வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பெரிய செலவு போன் அல்ல, ரீசார்ஜ். 2018-இன் இறுதியில் சிம் உயிரோடு இருக்க மாதம் 35 ரூபாய் போதுமென்றிருந்தது. 2024 ஜூலையில் ஏர்டெல்லின் 28 நாள் திட்டம் 199 ரூபாயிலிருந்து தொடங்கியது. இணையமே இல்லாத போனுக்கு இணையத்தையும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டிய நிலை. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டுமான திட்டங்களைக் கட்டாயம் தர வேண்டுமென ஆணையிட்டது; வேலிடிட்டியை 365 நாள் வரை நீட்டவும் வழி செய்தது. 2025 ஜனவரியில் ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய், ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், ஆண்டுக்கு 1,849 ரூபாய் என்று வைத்தன. நாளொன்றுக்கு ஐந்து ரூபாய்க்குச் சற்று மேல். அப்போது ஜியோபாரத்தில் 28 நாளுக்கு 123 ரூபாய், நாளுக்கு 4 ரூபாய் 40 காசு, ஆனால் பூட்டோடு. ஓராண்டு ரீசார்ஜ் போனின் விலையை நெருங்குகிறது, மலிவான போன் என்றால் அதைத் தாண்டியே போகிறது. விலைகள் மாறும், கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் 'பேச மட்டும் உள்ள திட்டம் எது?' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நெட்டு பேக்தான் போட்டுவிடுவார்கள்.

சில்லறையாக இன்னும் சில. எஃப்எம்-க்கு இயர்போன் மாட்டச் சொல்வது வீம்பல்ல: 102.5 மெகாஹெர்ட்ஸில் வரும் தருமபுரி வானொலியின் அலை நீளம் கிட்டத்தட்ட 3 மீட்டர். அதைப் பிடிக்க அந்தக் கம்பிதான் ஆண்டெனா. ஆபத்தில் 5 அல்லது 9 பட்டனை அழுத்திப் பிடித்தால் 112-க்குப் போக வேண்டும் என்பது 2017 முதல் விதி. வாங்கியவுடன் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள். 2022 மார்ச் 8-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யுபிஐ 123பே வழியாக இணையமே இல்லாமல் பட்டன் போனிலிருந்தும் பணம் அனுப்பலாம்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாடிக்கையாளரின் சிம்மைப் போட்டுப் பேசிப் பார்க்க விடுங்கள். போன் செய்யும் நிறுவனங்களுக்கும் அரசுக்கும்: எந்தெந்தப் பேண்ட், எந்தச் சிம், பேட்டரி கழலுமா என்ற மூன்றையும் பெட்டியின் மேல் தமிழில் அச்சிடுங்கள். வாங்குபவர்களுக்கு: பென்னாகரம் கடைத்தெருவில் நான்கு கட்டையும் காட்டுவதை நம்பி வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டில் எந்தப் போன், எந்தச் சிம், எந்த இடத்தில் நின்றால் எடுக்கிறது என்று கேளுங்கள். அவர்களிடம் போனை ஒரு நாள் வாங்கி உங்கள் வீட்டுக்குள்ளும் கொல்லையிலும் பேசிப் பாருங்கள். அதன் பிறகு கடைக்குப் போங்கள்.